காய்கறி தோட்டத்துல உரம் வீணாகாம போடுறது எப்படி: மூட்டைய பிரிக்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

காய்கறி போடுறவங்ககிட்ட எவ்ளோ உரம் போட்டீங்கன்னு கேட்டா டக்குனு மூட்டை கணக்கு சொல்லிடுவாங்க, அதுல செடி எவ்ளோ எடுத்துச்சுன்னு கேட்டா பதில் வராது. நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். இல வெளுத்தா யூரியா, பூ கொட்டுனா இன்னொரு உரம், எதுவுமே இல்லன்னாலும் நாள் கணக்கு பாத்து ஒரு கை. கிணத்து தண்ணிய டெஸ்ட்டுக்கு குடுத்து அதுல நைட்ரேட் (உரத்துல இருக்கற நைட்ரஜன் மண்ணுல மாறி வர்ற வடிவம்) ஏறிப்போய் ரிப்போர்ட் வந்தப்போதான் நான் போட்டது எங்க போச்சுன்னு புரிஞ்சுது. அது என் வீட்டுல குடிக்கற தண்ணி. அன்னைல இருந்து கத்துக்கிட்டத இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

உலகம் முழுக்க பயிருக்கு போடுற நைட்ரஜன்ல பாதிக்கும் குறைவாத்தான் பயிருக்குள்ள போகுது. காய்கறில நெலம இன்னும் மோசம், காரணம் ரொம்ப எளிது. வெங்காயம், கீரை, லெட்யூஸ் இதுக்கெல்லாம் வேர் மேலாக்க ஒரு அடிக்குள்ளயே நின்னுடும், நாம அடிக்கடி தண்ணி விடுறோம், பயிர் ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சுடுது, அது மட்டுமில்லாம காய்க்கு நல்ல வெல கெடைக்கறதால "கொறஞ்சுடுமோ"ங்கற பயத்துல எல்லாரும் ஒரு பங்கு கூடவே போடுறோம்.

செடி எடுக்காத உரம் மூணு வழில வெளிய போகும், இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். மொதல்ல கீழ. களிமண் துகளுக்கு நெகட்டிவ் சார்ஜ், நைட்ரேட்டுக்கும் நெகட்டிவ் சார்ஜ், அதனால மண்ணு அத பிடிச்சு வெச்சுக்காது, தண்ணி எங்க போகுதோ கூடவே போயிடும், கடைசில நிலத்தடி நீர். குடிதண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கைக்கொழந்தைங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சு உடம்பு நீலமாகறது இதனாலதான். ரெண்டாவது மேல. யூரியா அம்மோனியாவா ஆவியாகும், ஈரம் நிக்கற மண்ணுல நைட்ரேட் நைட்ரஸ் ஆக்சைடா மாறி பறந்துடும், இந்த வாயு 100 வருஷ கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைட விட 273 மடங்கு பூமிய சூடாக்கும். மூணாவது பக்கவாட்டுல. பாஸ்பரஸ் மண்ணோட ஒட்டிக்கும், ஆனா மழைல மண்ணு அரிச்சு ஓடும்போது அதுவும் சேந்து ஓடி குளம் ஏரில விழும், அங்க பாசி மண்டும், பாசி செத்து அழுகும்போது தண்ணில இருக்கற ஆக்சிஜன் தீந்துபோகும், மீன் சாகும்.

இது எங்கயோ ஏட்டுல இருக்கற பயம் இல்ல. ஸ்பெயின்ல மார் மெனோர்னு ஒரு கடல் ஏரி, சுத்தி முழுக்க தீவிர காய்கறி விவசாயம். பல வருஷமா வயல்ல இருந்து சத்து ஓடி வந்து சேந்து சேந்து, 2019 அக்டோபர்லயும் 2021 ஆகஸ்ட்லயும் டன் கணக்குல மீன் கரைல செத்து ஒதுங்குச்சு. அந்த ஏரிக்கு ஒரு மனுஷனுக்கு இருக்கற மாதிரி சட்ட உரிமையே 2022ல குடுத்தாங்க, அந்தளவுக்கு போயிடுச்சு.

சரி, வேலைக்கு வருவோம்.

மண்ணுல ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க

மண் டெஸ்ட் எடுக்க சொன்னா எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, எடுக்கற விதத்துலதான் தப்பு நடக்குது. வயல்ல குறுக்கும் நெடுக்குமா 15, 20 எடத்துல எடுக்கணும், வரப்பு ஓரம், எரு குவிச்சு வெச்சிருந்த எடம், மரத்தடி இதெல்லாம் வேணாம். பிளாஸ்டிக் பக்கெட்டுல கலக்குங்க, தகர பக்கெட்டுல துத்தநாகம் ஒட்டி ரிப்போர்ட்ட கெடுத்துடும். பாஸ்பரஸ், பொட்டாஷ், பிஎச், கரிமச்சத்து இதுக்கெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும்.

நைட்ரஜன் அப்படி இல்ல. அது வாரத்துக்கு வாரம் மாறும், போன வருஷ ரிப்போர்ட்ட வெச்சு இன்னைக்கு முடிவு எடுக்க முடியாது. இதுக்குன்னு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, நீங்களே வயல்லயே செய்யலாம், என்னக் கேட்டா இந்த கட்டுரைலயே ரொம்ப பிரயோஜனமான விஷயம் இதுதான்.

தண்ணில நைட்ரேட் பாக்கற ஸ்ட்ரிப் வாங்கிக்கோங்க. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில, அதாவது பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணில, ஒன்றரை கிராம் கால்சியம் குளோரைடு கரைச்சு வெச்சுக்கோங்க. மில்லி அளவு போட்ட ஒரு டியூப்ல இந்த கரைசல 30 மில்லி வரைக்கும் ஊத்துங்க. ஒரு அடி ஆழம் வரைக்கும் எடுத்து கலந்த மண்ண, கல்லு வேர் இல்லாம, கரைசல் 40 மில்லி கோட்டுக்கு ஏறுற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. மூடி நல்லா குலுக்கி, மண்ணு கட்டி இல்லாம கரையட்டும், அப்பறம் அப்படியே நிக்க வைங்க. மேல தெளிஞ்ச தண்ணி வரும், மணல்னா சில நிமிஷம், களின்னா ரொம்ப நேரமாகும். தெளிஞ்சதுல ஸ்ட்ரிப்ப முக்கி எடுத்து, டப்பால போட்டிருக்கற நேரம் முடிஞ்சதும் கலர பாருங்க. வர்ற நைட்ரேட் நம்பர ரெண்டால வகுத்தா, ஈரமா இருக்கற வண்டல் மண்ணுக்கு, மண்ணுல இருக்கற நைட்ரேட் நைட்ரஜன், அதாவது நைட்ரேட்டுக்குள்ள இருக்கற நைட்ரஜன் மட்டும், பிபிஎம் கணக்குல (பத்து லட்சத்துல எத்தன பங்கு) தோராயமா கெடைக்கும். மணல்னா ரெண்டுக்கு கொஞ்சம் மேல, ஈரக்களின்னா ரெண்டுக்கு கொஞ்சம் கீழ வகுக்கணும். ஸ்ட்ரிப்ப வெயில்லயும் ஈரத்துலயும் போட்டு வெச்சா கெட்டுப்போயிடும், குளிர்ச்சியான எடத்துல வைங்க. மண்ண எடுத்த அன்னைக்கே டெஸ்ட் பண்ணிடுங்க, பைல கட்டி ரெண்டு நாள் விட்டா உள்ள இருக்கற நுண்ணுயிர் வேல செஞ்சு நம்பர் ஏறிடும்.

கலிஃபோர்னியால லெட்யூஸ் போடுறவங்க இந்த டெஸ்ட்ட பல வருஷமா பயன்படுத்தறாங்க. ஒரு அடி மண்ணுல 20 பிபிஎம்முக்கு மேல இருந்தா அடுத்த மேலுரத்த (பயிர் வளரும்போது போடுற உரம்) தள்ளிப்போடலாம், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு திரும்ப பாத்துக்கலாம்ங்கறது அவங்க கணக்கு. ஏன்னா ஒரு அடி ஆழத்துல 1 பிபிஎம்னா ஏக்கருக்கு சுமார் 1.6 கிலோ நைட்ரஜன், 20 பிபிஎம்னா 32 கிலோ அங்கயே உக்காந்திருக்கு.

தண்ணி, எரு, போன பயிரோட இல

இந்த மூணையும் யாருமே கணக்குல எழுதறதில்ல. கிணத்து தண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் இருந்தா அதுல நைட்ரஜன் மட்டும் 10 மில்லிகிராம். ஒரு பயிருக்கு மொத்தம் 400 மில்லிமீட்டர் தண்ணி பாய்ச்சினா ஏக்கருக்கு 16 கிலோ நைட்ரஜன் தண்ணி வழியாவே வந்துடுது. கெட்டுப்போன தண்ணில இருக்கற நைட்ரேட்ட செடி வழியா திரும்ப எடுக்கற வழியும் இதுதான், நான் இத ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன்.

தொழு உரத்துல நைட்ரஜன் தோராயமா அரை சதவீதம், 5 டன் போட்டா 25 கிலோ, அதுல மொத வருஷம் கெடைக்கறது மூணுல ஒரு பங்கு, மீதி மெதுவா வரும். அதனால "இயற்கை உரம் எவ்ளோ வேணா போடலாம்"ங்கறத தயவுசெஞ்சு நம்பாதீங்க. கோழி எருவுல பாஸ்பரஸ் அதிகம், நைட்ரஜன் தேவைக்காக வருஷா வருஷம் கோழி எருவயே கொட்டுனா பாஸ்பரஸ் மண்ணுல ஏறிக்கிட்டே போகும். எருல இருந்து ஓடுற பாஸ்பரஸும் மூட்டைல இருந்து ஓடுற பாஸ்பரஸும் ஏரிக்கு ஒண்ணுதான்.

கோஸ், காலிஃப்ளவர், ப்ராக்கோலி அறுத்த வயல்ல பச்ச இலையும் தண்டும் கெடக்கும் பாருங்க, அதுல ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல நைட்ரஜன் இருக்கலாம். பச்சையா இருக்கறதால சில வாரத்துலயே மக்கி நைட்ரேட்டா மாறிடும். அடுத்த பயிருக்கு வழக்கம்போல அடியுரம் (நடும்போது மண்ணுல போடுற உரம்) போட்டா அது அத்தனையும் கூடுதல்.

கணக்கு இப்படி வரும்

ஒரு ஏக்கர் தக்காளி, 20 டன் எதிர்பார்க்குறோம்னு வெச்சுக்குவோம். ஒரு டன் காய்க்கு செடி, இல எல்லாம் சேத்து எடுக்கற நைட்ரஜன் சுமார் 2.5ல இருந்து 3 கிலோ, அதிகமாவே எடுத்துக்கிட்டா தேவை 60 கிலோ. ஸ்ட்ரிப் டெஸ்ட்ல 15 பிபிஎம் வந்துச்சு, அது 24 கிலோ, எல்லாத்தையும் வேர் எட்டிப் பிடிக்காதுன்னு 15ன்னு எழுதுறேன். தண்ணில 16, அத 12ன்னு எழுதுறேன். தொழு உரம் 5 டன்ல 8. மொத்தம் 35. பாக்கி 25 கிலோ. சொட்டு நீர்ல போட்டா கூட போடுறதுல முக்கால் பங்குதான் செடிக்கு போகும்னு வெச்சா 33 கிலோ நைட்ரஜன் போடணும். யூரியால 46 சதவீதம் நைட்ரஜன், அப்போ 72 கிலோ யூரியா.

எதையும் எண்ணாம 60 கிலோவையும் மூட்டைல இருந்தே குடுத்தா? 80 கிலோ நைட்ரஜன், அதாவது 174 கிலோ யூரியா. வித்தியாசம் 100 கிலோவுக்கு மேல, ஒரே ஏக்கர்ல, ஒரே பயிர்ல. போடுற நைட்ரஜன்ல 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடா போகும்னு ஐ.நா.வோட காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி வழக்கமா கணக்கு வெக்குது, அதன்படி பாத்தா இந்த மிச்சம் மட்டும் 200 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம், அந்த யூரியாவ ஃபேக்டரில செய்ய எரிச்ச கேஸ் இதுல சேரல. உங்க பயிருக்கு டன்னுக்கு எவ்ளோன்னு உங்க பகுதி வேளாண் ஆளுங்ககிட்ட கேட்டுக்கோங்க, மொறை இதேதான்.

எப்போ, எங்க

நட்ட புதுசுல செடிக்கு பசியே கிடையாது. தக்காளி, மிளகா, கத்திரி எல்லாம் மொத மூணு நாலு வாரத்துல மொத்த தேவைல ரொம்ப கொஞ்சம்தான் எடுக்கும், காய் பிடிச்சு பெருக்கற காலத்துலதான் இழுக்கும். கோஸ், லெட்யூஸ் வகைங்க பெரும்பங்க கடைசி சில வாரத்துல எடுக்குதுங்க. நாம என்ன பண்றோம், அடியுரமாவே பாதிய கொட்டிட்டு வேர் பிடிக்கணும்னு தெனம் தண்ணி விடுறோம். எடுக்க வேரே இல்லாத நேரத்துல உரமும் தண்ணியும் ஒண்ணா, இத விட நைட்ரேட்ட கீழ தள்ள வேற நல்ல வழி இல்ல. நைட்ரஜன்ல அடியுரம் கொஞ்சமா, மீதிய பிரிச்சு பிரிச்சு போடுங்க, பெரிய மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சா ரெண்டு நாள் பொறுங்க.

யூரியாவ மண்ணு மேல தூவிட்டு வந்துடாதீங்க. யூரியா மண்ணுல இருக்கற யூரியேஸ் நொதி பட்டு உடையும்போது அந்த துளி எடத்துல மட்டும் பிஎச் ஏறி அம்மோனியா பறக்கும். லேசா ஈரம், நல்ல வெயில், மேல காஞ்ச சருகு, பிஎச் கூடின மண்ணு, இதெல்லாம் சேந்தா சில நாள்லயே நெறைய போயிடும். ரெண்டு அங்குலம் ஆழத்துல வெச்சு மூடுங்க, இல்லன்னா ஒரு நாளுக்குள்ள அரை அங்குல அளவுக்கு தண்ணி விட்டு உள்ள இறக்குங்க. அரை அங்குலம் போதும், வெள்ளம் விடக்கூடாது. யூரியேஸ தடுக்கற மருந்து கலந்த யூரியாவும், நைட்ரேட்டா மாறுறத மெதுவாக்கற மருந்து கலந்த உரமும் கெடைக்குது, அளவ சரி பண்ணின பிறகு அத யோசிக்கலாம். பிளாஸ்டிக் பூச்சு போட்ட உரத்துல எனக்கு உடன்பாடு இல்ல, சத்து மெதுவா வருது சரி, ஆனா பூச்சு மண்ணுலயே தங்கிடுது.

கைல அள்ளி போடுறீங்கன்னா ஒரே ஒரு நாள் தராசு எடுத்துட்டு போங்க. நாங்க ரெண்டு பேரு ஒரே வரிசைல போடுறவங்க, ஆளுக்கு ஒரு கை அள்ளி எட போட்டு பாத்தோம், அவரோடது என்னோடதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுக்கப்பறம் ஒரு பழைய மூடில அளவ கோடு போட்டு அதுலதான் போடுறோம்.

தண்ணியும் உரமும் ஒரே வேல

உரக்கணக்கு எவ்ளோ சரியா இருந்தாலும் தண்ணி கூடிப்போனா எல்லாம் வீண். தண்ணி விட்ட மறுநாள் காலைல ஒரு செடி பக்கத்துல ரெண்டடிக்கு குழி வெட்டி பாருங்க, தெனம் வேணாம், பயிருக்கு மூணு தடவ போதும். குழி சுவத்துல ஈரம் எங்க வரைக்கும் எறங்கிருக்குன்னு கலர் மாறுறதுலயே தெரியும், வெள்ள வேர் எங்க வரைக்கும் இருக்குன்னும் தெரியும். நான் மொத தடவ வெட்டுனப்போ வேர் ஒரு சாண் கூட தாண்டல, ஈரம் குழிக்கு அடியிலயும் போய்க்கிட்டு இருந்துச்சு. வேருக்கு கீழ போன ஈரம் ஒவ்வொண்ணும் நைட்ரேட்டோடதான் போகுது. தண்ணி ஓட்டுற நேரத்த கொறைங்க, மணலா இருந்தா ஒரே நேரமா விடாம ரெண்டா பிரிச்சு விடுங்க.

சொட்டு நீர்ல உரம் விடும்போது தொடக்கத்துலயே விட்டுட்டு அப்பறம் ரெண்டு மணி நேரம் வெறும் தண்ணி ஓட்டறது பெரிய தப்பு, உரம் எல்லாம் வேர தாண்டி போயிடும். மொதல்ல வெறும் தண்ணி, கடைசி பகுதில உரம், முடிவுல குழாய் கழுவுற அளவுக்கு மட்டும் 10, 15 நிமிஷம் வெறும் தண்ணி. குழாய் நீளமா இருந்தா கடைசி சொட்டுக்கு உரம் போய் சேர நேரம் எடுக்கும், அதுக்கேத்த மாதிரி கூட்டிக்கோங்க. உரம் கலந்த தண்ணி திரும்ப கிணத்துக்குள்ள போகாம இருக்க செக் வால்வு கட்டாயம், கரண்ட் நின்னா பின்னாடி இழுத்துடும்.

பாஸ்பரஸ் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ரிப்போர்ட்ல அதிகம்னு வந்தா டிஏபிய (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) நிறுத்துங்க, அதுல நூத்துக்கு 46 பங்கு பாஸ்பேட், நைட்ரஜன் 18தான், நைட்ரஜனுக்காக டிஏபி போட்டா பாஸ்பேட் சும்மா குவியும். நிறுத்துனா ஒரே வருஷத்துல பயிர் விழுந்துடாது, மண்ணுல சேந்தது பல வருஷத்துக்கு வரும். மண்ணு ஓடாம இருக்க சரிவுக்கு குறுக்க பாத்தி போடுங்க, வாய்க்கா ஓரம் சில அடி அகலத்துக்கு புல்ல வெட்டாம விடுங்க, தண்ணி அதுல தேங்கி மண்ண அங்கயே விட்டுட்டு போகும்.

அறுத்த பிறகு

கடைசி காய் பறிச்சதும் வயல சும்மா போடாதீங்க. மிச்ச நைட்ரேட் வெறும் வயல்ல நின்னா அடுத்த மழையோட போயிடும். அடுத்த பயிருக்கு ஒரு மாசத்துக்கு மேல இருந்தா சோளம், கம்பு மாதிரி வேகமா வேர் விடுற புல் வகை ஏதாவது வெதச்சு விடுங்க, மிச்சத்த அது உறிஞ்சு வெச்சுக்கும், அப்பறம் மடக்கி உழுதா மண்ணுக்கே திரும்ப வரும். சணப்பு, தக்கைப்பூண்டு நல்லதுதான், ஆனா அது தானா காத்துல இருந்து நைட்ரஜன் எடுக்கற பயிர், மண்ணுல ஏற்கனவே நைட்ரேட் கூடி கெடக்கும்போது புல் வகைதான் சரி. கோஸ் இலைய உடனே உழாம அடுத்த நடவுக்கு நெருக்கமா உழறது நல்லது, ரொம்ப மண்டிக்கெடந்தா ஒரு பகுதிய எடுத்து கம்போஸ்ட்டுல காஞ்ச சருகோட சேத்துடுங்க.

இதெல்லாம் படிச்சுட்டு ஒரேடியா பாதியா கொறைக்க சொல்லல, அந்த ரிஸ்க்க யாரும் எடுக்க வேணாம். ரெண்டு வரிசைய மட்டும் தனியா விடுங்க, வயல் ஓரத்துல வேணாம், நடுவுல. ஒரு வரிசைக்கு நீங்க வழக்கமா போடுற மேலுரம், பக்கத்து வரிசைக்கு அதுல பாதி, தண்ணி மருந்து எல்லாம் ஒண்ணு. ரெண்டுத்துக்கும் ஒரு குச்சி நட்டு துணி கட்டி விடுங்க, இல்லன்னா பறிக்கறவங்க கலந்துடுவாங்க. ஒவ்வொரு பறிப்புலயும் ரெண்டு வரிசை காயையும் தனித்தனியா எட போட்டு எழுதுங்க, அசுவினி எதுல கூட இருக்குன்னும் பாத்து எழுதுங்க, நைட்ரஜன் கூடுன இல மெத்துனு கரும்பச்சையா இருக்கும், பூச்சி அதத்தான் தேடி வரும். கடைசி பறிப்பு முடிஞ்ச அன்னைக்கு ரெண்டு வரிசைலயும் ஒரு அடி மண்ணு எடுத்து ஸ்ட்ரிப்ப முக்குங்க. காய் எட ரெண்டும் ஒண்ணா இருந்து, வழக்கமான வரிசைல மட்டும் கலர் அடர்த்தியா வந்துச்சுன்னா, நீங்க பாக்கறது அடுத்த மழைல கிணத்துக்கு போகப்போற உரம், அடுத்த பயிருக்கு அந்த அளவ கழிச்சுட்டு கணக்கு ஆரம்பிங்க. பாதி வரிசைல காய் கொறஞ்சுதுன்னா உங்க அளவு ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அடுத்த தடவ முக்கால் போட்டு பாருங்க.